பாட்டில் இல்லாத கான்கிரீட்

என் பிரியமுள்ள அண்ணாச்சிக்கு,

நீங்கள் போன பிறகு நம் ஆட்கள் முதல்முதலாகப் போடும் மாடி கான்கிரீட் நாளைக்கு, தக்கலையில். கம்பி கட்டி முடித்தாயிற்று. சாயங்காலம் உங்கள் மகன் கண்ணன் வந்தான்.

"சித்தப்பா, ஆளுவளுக்கு பாட்டில் வாங்கித் தாறேன்னு வீட்டுக்காரர் சொல்லுகாரு. சரின்னுட்டேன். அப்பாவ எல்லாவனும் பிசினாரின்னுல்லா சொன்னானுவ? எனக்கு அந்தப் பேரு வேண்டாம்."



கான்கிரீட் அன்று வீட்டுக்காரர் சோறும் பாட்டிலும் தருவது இங்கே பழக்கமாகிவிட்டது. அப்படித் தொட்டவன்தான் நான். பிறகு காலையிலேயே குடிக்காமல் கரண்டி பிடிக்க முடியாத கொத்தனாரானேன். வேறு காண்ட்ராக்டர் என்றால் விரட்டியிருப்பார். நீங்கள் நாகர்கோவிலில் குடியை நிறுத்தும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, "தாணுவுக்கு மஞ்சக்காமால, மருந்துக்குப் போயிருக்கான்" என்று ஆட்களிடம் சொல்லி வைத்தீர்கள். திரும்பி வந்ததும் சாரத்தில் ஏற்றாமல் கீழே பூச்சு வேலை தந்தீர்கள். சாயங்காலம் ஒயின்ஷாப் பக்கம் நடக்க விடாமல் பைக்கில் ஏற்றி வீட்டில் இறக்கினீர்கள். என் கூடப்பிறந்தவன்கூட இதெல்லாம் செய்யவில்லை.

பிறகு பூதப்பாண்டியில் ஒரு கான்கிரீட். வீட்டுக்காரர் இறக்கிய பாட்டில் பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பினீர்கள். "இனி நமக்க வேலையில இது கெடயாது. ஆட்டெறச்சிய கூடுதலா போடுங்க." ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் பேர் அடிபடுமே!

"பாட்டில் காச அமுக்கிட்டாரு ஓய், பிசினாரி!" என்றான் ஒருத்தன். உங்களைப்போல் இடுப்பில் கை வைத்து நடந்து காட்டினான். குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் நானும் சிரித்தேன், அண்ணாச்சி. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் ஏணியில் நீங்கள்.

"தாணு, கலவ இறுகுது, வா மக்கா." அவ்வளவுதான் சொன்னீர்கள். நாலு ஏச்சு ஏசியிருக்கக் கூடாதா?

உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் பந்தலுக்கு வெளியே அதே பேச்சு. "நல்ல மனுசன்தான், கைதான் கொஞ்சம் இறுக்கம்." நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சீ, நானும் ஒரு மனுசனா? உங்கள் சோற்றைத் தின்றுவிட்டு உங்கள் பேரைக் காப்பாற்ற ஒரு வார்த்தை வரவில்லையே.

இன்று கண்ணனிடம் சொல்லிவிட்டேன். "எனக்காவத்தான் மக்கா உங்கப்பா அந்தப் பேரு வாங்கினாரு. எனக்குக் குடி. மஞ்சக்காமாலயும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"இத ஏன் முன்னமே சொல்லல்ல?" என்று கேட்டான். "வெக்கம், மக்கா" என்றேன். அவன் அடுக்கியிருந்த சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தான். பிறகு வீட்டுக்காரருக்கு போன் போட்டு பாட்டில் வேண்டாம் என்றான்.

"ஆளுவ பேசத்தான் செய்வானுவ. பேசட்டும். உங்க பேரச் சொல்லமாட்டேன், சித்தப்பா."

உங்களையே பார்த்த மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன். இவனும் எனக்காகப் பிசினாரி ஆக வேண்டுமா?

நம் ஆட்களில் இன்னும் இரண்டு பேருக்குக் காலையில் கை நடுங்குகிறது. எனக்குத் தெரியாத நடுக்கமா அது? வெட்கப்பட்டு ஒளிக்கிறார்கள், நான் ஒளித்ததுபோலவே. அவர்களை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று கண்ணனுக்குச் சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்ததும் வேலை இருக்கும் என்று அவனும் சொல்லிவிட்டான்.

நாளைக்கு கலவை மெஷினை ஓட்டுமுன் எல்லாரையும் கூட்டி நிறுத்தி நானே பேசுவேன், அண்ணாச்சி. இது சத்தியம். எனக்கு மஞ்சக்காமாலை வந்ததே இல்லை என்பதில் ஆரம்பிப்பேன்.

உங்கள் பேரைக் கெடுத்த தம்பி,
தாணு