உப்பில் விளைந்த எழுத்து

ஜெய்சால்மர்
12.2.2006

அன்புள்ள அமுதவல்லிக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலந்தானே? இங்கே ராணுவ முகாமில் எங்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. ஆளாளுக்குத் தன் ஊரை நினைவுபடுத்தும் சாவிக்கொத்து வில்லை ஒன்றைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்கிறோம். மரம், பித்தளை, சங்கு என்று டப்பா நிறையச் சேர்த்துவிட்டான் என் பக்கத்துக் கட்டில் பன்வாரி. என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை. பாண்டிக் கடையில் ஊர்ப் பெயர் போட்டது ஏதாவது மலிவாகப் பார்த்து வாங்கி அனுப்பு. 'ப' என்ற எழுத்து மட்டும் இருந்தாலும் போதும். என் ஊர் பாண்டி என்றுதான் இங்கே சொல்லியிருக்கிறேன். மரக்காணம் என்றால் உப்பு, அளம் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் உன்னை அழைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜெயப்பிரகாஷ்


மரக்காணம்
1.3.2006

அன்பு மாமாவுக்கு,

அத்தையும் நானும் சுகம். கடையில் விலையைக் கேட்டதும் கையிலெடுத்ததை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். ஒரு சாவிக்கொத்து வில்லைக்கு இந்த விலையா! நானே செய்கிறேன். பழைய கரண்ட் ஒயரை வட்டமாக வளைத்து, நடுவில் நீங்கள் கேட்ட 'ப' வைத்து, வெள்ளை நூல் சுற்றி, அளத்துப் பாத்தித் தண்ணீரில் தொங்கவிட்டிருக்கிறேன். உப்பு ஏறினால் வில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் மரக்காணத்துக்காரரைத்தானே கட்டிக்கொண்டேன், நீங்கள் எப்போது பாண்டிக்காரர் ஆனீர்கள்? நான் அங்கே வந்தால், உன் பொண்டாட்டி ஊரில் என்ன வேலை பார்த்தாள் என்று கேட்பார்களே, என்ன சொல்லப்போகிறீர்கள்? உப்பு வாரி வெடித்துக் கிடக்கிற என் காலை எங்கே ஒளித்து வைப்பீர்கள்? அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உங்கள்
அமுதா


மரக்காணம்
8.3.2006

மாமா,

உங்கள் பதில் வரும்வரை பொறுக்க முடியவில்லை. இன்று வில்லையைத் தண்ணீரிலிருந்து தூக்கினேன். ஐயோ மாமா! விவரம் தெரிந்த நாளாய் உப்பு வாருகிறேன், ஒரு கல்லைக்கூட நின்று பார்த்ததில்லை. நூல் முழுக்கச் சதுரம் சதுரமாய்க் கல், ஒன்றின்மேல் ஒன்று படிக்கட்டு மாதிரி. யார் அளவெடுத்துச் செதுக்கினது? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்கத்துப் பாத்தியில் பாஞ்சாலை அக்கா வாரிக்கொண்டிருந்த பலகையைப் போட்டுவிட்டு வந்து, "அடியே, இதையா நாம காலால மிதிச்சிக்கினு இருந்தோம்?" என்றாள்.

ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது. வலது பக்கம் உப்பு கூடுதலாக ஏறி, 'ப'வுக்குச் சுழி விழுந்து 'ம' ஆகிவிட்டது. சத்தியமாக உப்பாகவே எழுதிக்கொண்டது. பவுடர் டப்பாவில் காய்ந்த உமி போட்டு அனுப்புகிறேன். வெட்கமாக இருந்தால் ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள், கரைந்துபோகும். அப்புறம் எனக்குக் குவார்ட்டர்ஸும் வேண்டாம், நான் அத்தையோடு இங்கேயே இருந்துகொள்கிறேன்.

அமுதா


ஜெய்சால்மர்
27.3.2006

என் அமுதாவுக்கு,

டப்பாவைத் திறந்து உமியை ஊதினேன். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணாடி என்றான் ஒருவன், படிகாரம் என்றான் இன்னொருவன். பன்வாரி, உப்பு விளையும் சாம்பர் ஏரிப் பக்கத்து ஆள். அவன் மட்டும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். எழுந்து நின்றுவிட்டான் அமுதா! "இது உப்பு. எங்க ஊர்லயும் விளையுது, இப்படி நான் பார்த்ததே இல்ல. யார் செஞ்சது?" என்று இந்தியில் கேட்டான்.

"என் பொண்டாட்டி. மரக்காணத்து அளத்தில் உப்பு வாருகிறாள். என் அம்மாவும் வாரினவள்தான்" என்றேன். இத்தனை நாள் எதை மறைத்தேன் என்று எனக்கே புரியவில்லை. டப்பாவோடு எல்லா வில்லையையும் தருகிறேன் என்று பன்வாரி கெஞ்சினான். முடியாது என்றுவிட்டேன்.

மறுநாள் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கல்லுக்குள்ளே எல்லாம் தெரிகிறது. 'ம'வின் சுழிக்குள் நூல் சுற்றிய ஒயர் எவ்வளவு அழகாக வளைந்து போகிறது! உப்பாகவே எழுதிக்கொண்டதா? அடி கள்ளி!

வைகாசியில் லீவு. உன்னை அழைத்துப்போக வருகிறேன். இங்கே எல்லாருக்கும் ஆளுக்கொரு வில்லை வேண்டுமாம். ஒயரை வளைத்து வை. எழுத்தை மட்டும் மாற்றிவிடாதே.

உன்
மரக்காணம் ஜெயப்பிரகாஷ்