கேபினிலேயே இருந்தாயா, நைனா?

என் அன்பு நைனாவுக்கு,

இந்த நேரத்துக்கு உன்னை எழுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே. லாரியை விட்டு வந்து படுத்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் எரிந்து விழுவாய். தெரிந்துதான் எழுதுகிறேன். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. மதி என் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

உன் மாப்பிள்ளை பனியில் மாட்டிக்கொண்டார்.

அம்பத்தூரில் மெஷின் ஏற்றிக்கொண்டு லடாக் போனார். பாதை மூடுவதற்குள் கடைசி லோடு. கூட இன்னொரு டிரைவர், குமார். மலை மேல் ஏறிய பிறகு பனி கொட்டத் தொடங்கியதாம். இப்போது முன்னாலும் வழியில்லை, பின்னாலும் வழியில்லை.

"மேல பங்க்கே கெடியாது, கீழயே ரொப்பிக்கோ" என்று நீ அவருக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாய்? அப்படியே செய்தார். சமவெளியில் போட்ட அந்த டீசல் மார்கழி மாதத் தேங்காய் எண்ணெய் மாதிரி உறைந்துவிட்டது. பூந்தமல்லிக்காரனுக்கு டீசல் உறையும் என்று எப்படித் தோன்றும்? மண்ணெண்ணெய் கலக்க வேண்டும் என்று பிறகுதான் யாரோ சொல்லித் தெரிந்ததாம். நீ அதைச் சொன்னாயா, சொல்லாமல் விட்டாயா? செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியும் இறங்கிவிட்டது. இன்ஜின் இல்லை, ஹீட்டர் இல்லை.

எட்டு மணிக்குப் போன் வந்தது. காற்று இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"உங்க நைனா ஒரு வாட்டி இப்டி மாட்னாரே, இன்னா பண்ணாரு? வண்டிலயே குந்திகினு இருந்தாரா, எறங்கி நட்ந்தாரா? பின்னால ரோடு போடறவங்களோட தகர ஷெட்டு ஒன்னு பார்த்தோம். சீக்கிரம் சொல்லு, சார்ஜ் பூடும்."

நீ அந்தக் கதையை ஒரே மாதிரி என்றைக்குச் சொன்னாய்?

என் கல்யாணத்துக்கு வந்தவர்களிடம், டயருக்குப் பின்னால் பனியைக் கையாலேயே குகை மாதிரி தோண்டி, உள்ளே ஏசி ரூமில் படுத்த மாதிரி படுத்திருந்தேன் என்றாய். டீக்கடையில் சொன்னபோது நடந்தே போய் ஒரு ஷெட்டைப் பிடித்தாய். அங்கே கறிக்குழம்பு வேறு கிடைத்தது. வீட்டில் சொன்னபோதுதான் கேபினிலேயே இருந்தாய். நான் எம்.எஸ்சி. படித்த திமிரில், போனை நோண்டிக்கொண்டே, "போன வாரம் வேற மாதிரி சொன்னியே நைனா" என்று கிண்டல் செய்தேன். நீயும் சிரித்தாய். அன்றைக்கு ஒரு முறையாவது தலை நிமிர்ந்து, எது நிஜம் என்று கேட்டிருக்கக் கூடாதா நான்?

"கேபின்லதான் இருந்தாரு. நீங்க எறங்காதீங்க" என்றேன். நேரில் பார்த்தவள் மாதிரி சொன்னேன். லோடு மேல் இருக்கும் தார்ப்பாயை அவிழ்த்து உள்ளே சுற்றிக்கொள்ளச் சொன்னேன். லோடு நனைந்தால் ஓனர் கத்துவார் என்றார். கத்தட்டும் என்றேன். அட்டைப்பெட்டியைக் கிழித்துக் காலுக்கடியில் போடுங்கள், கேபினுக்குள் ஸ்டவ் பற்ற வைக்காதீர்கள், கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதே போன் அணைந்துவிட்டது. எதுவரை கேட்டார் என்று தெரியவில்லை.

லாரி ஆபீஸில் பேசினேன். விடிந்து, பனி நின்றால்தான் மேலே ஆள் போக முடியுமாம்.

அம்மாவை எழுப்பிக் கேட்டேன். "என்னாண்ட அவரு பனின்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. கீழ ஊர்ல ரூம் போட்டுகினு படுத்துகினு கீறேன்னுதான் போன் பண்ணாரு" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு மதிக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். அவள் பயப்படக் கூடாது என்று அவளிடம் பொய் சொன்னாயா? இல்லை, நீ மலைமேல் மாட்டிக்கொள்ளவே இல்லையா? உன்னோடு வந்த பாஷா பாயைக் கேட்கலாம் என்றால், அவரும் உனக்கு முன்பே கண்ணை மூடிவிட்டார்.

ஏன் கேபின் என்று சொன்னேன் தெரியுமா? ஷெட்டுக் கதையிலும் குகைக் கதையிலும் நீ சிரிப்பாய். கேபின் கதையில் ஒரு இடம் வரும். பாஷா பாயின் கால் விறைத்துப்போய், அந்த இரண்டு பாதத்தையும் உன் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு வைத்துக்கொண்டாய் என்பாய். அந்த இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, சோற்றுக் கையைக் கழுவ எழுந்து போய்விடுவாய். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும்.

அந்தப் பாதிச் சோற்றை நம்பித்தான் இரண்டு பேரையும் வண்டியை விட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பாதத்தைப் பற்றிச் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

இங்கே ஃபேன் ஓடுகிறது. மெட்ரோ தூண்கள் நம் தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டன. மதிக்கு மூன்று முடிந்துவிட்டது, உன் மாதிரியே கை ஆட்டிப் பேசுகிறாள். இதையெல்லாம் வேறொரு நாள் நிதானமாக எழுதலாம் என்றிருந்தேன்.

அவர் வந்து சேரட்டும். எத்தனை விதமாகக் கதை சொன்னாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்பேன். இது சத்தியம்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். அன்றைக்கு நீ இறங்கினாயா, இல்லையா? சீக்கிரம் பதில் போடு, நைனா.

உன் மூத்த பொண்ணு,
மதியின் அம்மா