செய்ததை மட்டும் சொல்

கூர்நோக்கு இல்லம்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவை அழ வேண்டாம் என்று சொல். இங்கே போன் கிடையாது, கடிதம் மட்டும்தான். அதையும் சார் வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார்.

இருபதாம் தேதி என்னை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் கொண்டுபோவார்கள். ஞானசெல்வி அக்காவின் கழுத்துச் சங்கிலியை இழுத்தது நான்தான். அதைத்தான் அங்கே சொல்லப் போகிறேன். பைக்கை ஓட்டினவனுடைய ஊரும் பேரும் எனக்குத் தெரியாது. எனக்குப் பதினேழு வயதுதானே, சீக்கிரம் விட்டுவிடுவார்கள். பிறகு கேஸ் பதிவு எல்லாம் மறைந்துபோகும்.

குமாரதாஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தால் உட்காரச் சொல். நம்மைக் கவனித்துக்கொள்வார்.

உன் தம்பி,
ஜெபிஷ்

புதுக்கடை
7 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி ஜெபிஷுக்கு,

இதை முதலில் வாசிக்கப் போகிற சாருக்கும் என் வணக்கம்.

அம்மாவும் நானும் சுகம். சுகம் என்றுதான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். அவள் ஒரு நேரம்தான் சாப்பிடுகிறாள், அதை எழுத வேண்டாமாம். எழுதிவிட்டேன்.

குமாரதாஸ் வரவில்லை. தன் கூட்டாளி மத்தியாஸை அனுப்பினான். பெட்டியோடு ஒரு புது போன். "பய ஒத்துக்கிட்டா தாஸண்ணன் உங்கள ராணி மாதிரி வச்சுக்குவாரு, கேட்டியளா" என்றான். அம்மா கையை நீட்டிவிட்டாள். உனக்குத் தெரியும், ஆள் வந்தால் நான் கதவுக்குப் பின்னால்தான்.

மறுநாள் அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் செய்யாதவன் எதற்கு நமக்குப் போன் வாங்கித் தர வேண்டும்? வேலை விட்டதும் கருப்பேறிய கையோடே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், மத்தியாஸின் மடியில் பெட்டியை வைத்தேன்.

"என்ன பிள்ளே, மாடல் பிடிக்கலியா?" என்று சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

"உங்க அண்ணனுக்கே குடுங்க. வக்கீலக் கூப்பிட உதவும்" என்றேன்.

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

மக்கா, சங்கிலி போன அன்றைக்கு நீ பைக்கில் முன்னால் உட்கார்ந்ததையும், ஹெல்மெட்டோடு குமாரதாஸ் பின்னால் ஏறியதையும் நம் வாசலில் நின்று நான் பார்த்தேன். பாசத்திலா அவன் பைக்கை உனக்குக் கொடுத்தான்? ஹேண்டிலைப் பிடிக்கிற கையால் சங்கிலியை இழுக்க முடியாது, அதனால் கொடுத்தான்.

எல்லாம் மறைந்துபோகும் என்கிறாய். காகிதத்தில் மறையலாம். நீ வெளியே வருகிற அன்று குமாரதாஸ் பைக்கோடு வந்து நிற்பான். எனக்காக உள்ளே போன பயல் என்று தோளில் கை போடுவான். அடுத்த தடவையும் உன்னைத்தான் முன்னால் உட்காரவைப்பான். அப்போது உனக்குப் பதினெட்டு முடிந்திருக்கும். பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலை என்று நீ சொல்லிக்கொண்டிருந்தது எல்லாம் அதோடு போகும்.

நீ செய்ததை மட்டும் சொல். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அன்புடன்,
ஆன்ஸ்லின்

கூர்நோக்கு இல்லம்
11 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு சார் என்னைக் கூப்பிட்டார். "உன் அக்கா எனக்கும் வணக்கம் சொல்லியிருக்கிறாள்" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். முதலில் சொன்னதையேதான் திரும்பச் சொன்னேன்.

காட்டிக் கொடுத்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். குமாரதாஸ் அண்ணனின் ஆட்கள் நம் வீட்டை என்ன செய்வார்கள் என்று யோசித்தாயா? நீ ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கேஸைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? இனி எழுதாதே.

ஜெபிஷ்

புதுக்கடை
15 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெபிஷ்,

எழுதாதே என்றாய். இன்று ஆபீஸ் லீவு, எழுதுகிறேன்.

கேஸைப் பற்றி எனக்குத் தெரியாதுதான். அதனால் தெரிந்தவரைத் தேடி, ஞானசெல்வி அக்கா வீட்டுக்குப் போனேன்.

இடுப்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். கட்டிலில் கிடந்தபடியே, "யாருட்டி?" என்றார்.

"ஜெபிஷுக்க அக்கா."

"சங்கிலியக் கொண்டு வந்தியா?"

"இல்ல."

"பின்ன என்னத்துக்கு வந்த? இடுப்பு சரியா உடைஞ்சிருக்கான்னு பாக்கவா?"

அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. "அவன் உங்களுக்குச் செஞ்சது தப்பு. அவன் செய்யாததையும் சேத்து ஒத்துக்கிடப் போறான். அதுக்குத்தான் வந்தேன்" என்றேன்.

அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் விழுந்ததும் ஓட்டினவன் திரும்பிப் பாத்தான். வண்டிய நிறுத்தப் போனான். பின்னால இருந்தவன் அவனுக்க மண்டையில ஒண்ணு அடிச்சு, 'நிக்காத, போலே'ன்னான். யாரு கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன். ஆனா, ஏட்டி, அவன் போயிட்டான் பாத்தியா? எவனோ சொன்னான்னு போயிட்டான்."

நிறுத்தப் போனதை நீ எனக்குச் சொல்லவே இல்லை. அன்றைக்கு குமாரதாஸ் சொன்னான், நீ போனாய். இருபதாம் தேதியும் அவன் சொன்னபடிதான் போகப் போகிறாயா?

வீட்டை நினைத்துப் பயப்படாதே. போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்துவிட்டோம். என்னோடு வேலை செய்கிற பெண்கள் பதினொரு பேர் சாயங்காலம் நம் வாசல்வரை கூட வருகிறார்கள். எங்களைக் கண்டால் மத்தியாஸ் ஆட்டோவுக்குள் தலையை இழுத்துக்கொள்கிறான்.

நீ சொல்லுவாய். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

அக்கா,
ஆன்ஸ்லின்

கூர்நோக்கு இல்லம்
21 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். ஓட்டினது நான், இழுத்தது குமாரதாஸ் என்று. முதல் தடவை மெதுவாகத்தான் சொன்னேன். குழுமத்தில் இருந்த மேடம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இரண்டாவது தடவை எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

நிறுத்தப் போனதையும் சொன்னேன். "பிறகு ஏன் நிறுத்தவில்லை?" என்று கேட்டார். பயந்துவிட்டேன் என்றேன்.

உடனே விடவில்லை. இன்னும் சில மாதம் இங்கேதான் இருக்க வேண்டும் போலிருக்கிறது. வயரிங் வேலை சொல்லித் தருகிறார்கள், பேர் கொடுத்துவிட்டேன். அம்மாவை மூன்று நேரமும் சாப்பிடச் சொல்.

ஞானசெல்வி அக்காவுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நீ எழுதித் தருகிறேன் என்று சொல்லாதே, நானே எழுதுவேன். தபாலிலும் அனுப்ப மாட்டேன். வெளியே வந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நீ அவர் வீட்டு வாசல்வரை கூட வந்தால் போதும்.

உன் தம்பி,
ஜெபிஷ்