புள்ளி மூன்று டிகிரி

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். நீ அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. பத்துப் பேர் நிற்கிற அந்தப் படத்தில் உன் குடையை உங்கள் ஆய்வுக்கூடத்து சார் பிடித்துக்கொண்டிருக்கிறார். நீலக் குடை. அதை வாங்கியவன் நான்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். தவிர, இதோடு கையெழுத்துப் போட்ட ஒரு தாளும் உன்னிடம் வந்து சேரவேண்டும்.

சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, நானே வாஷர் மாற்றினேன். அத்தை வாரம் இரண்டு முறை பேசுகிறார். போன தடவை, "அந்த சார் ரொம்பத் தங்கமானவராமே மாப்ள, பக்கத்துலயே உக்காந்து எல்லாம் சொல்லித் தர்றாராமே" என்றார். உன் அம்மாவுக்கு நல்ல மனசு. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ ஏழு நிமிடம் பேசினாய். அதில் சார் பதினொரு முறை வந்தார். கருவிகளோடு பிழைப்பவன், எண்ணாமல் இருக்க வராது.

இனி விஷயம். கடலில் நிற்கிற நம் மிதவையில் நீரின் சூட்டை அளக்கிற சென்சாரை ஏழு வாரத்துக்கு முன் மாற்றினேன். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வாரம் ஓடவேண்டும், இரண்டும் ஒரே அளவைக் காட்டினால்தான் பழையதைக் கழற்றவேண்டும். இந்த விதியை எழுதிப் படகில் ஒட்டியவளே நீதான். அன்று காலை நான் படகுத்துறையில் நிற்கும்போது நீ கூப்பிட்டு, விடுமுறைக்கு வர முடியாது, சார் புதிய பொறுப்புக் கொடுத்திருக்கிறார் என்றாய். படகு அண்ணன்கூட, "என்ன தம்பி, மூஞ்சி கடலைவிட உப்பா இருக்கு?" என்று கேட்டார். "படகை எடுங்கண்ணே" என்றேன். பழையதைக் கழற்றிப் பெட்டியில் எறிந்தேன். புதியதை மாட்டினேன். பதிவேட்டில் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதிவிட்டுக் கரைக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் உன் வரைபடம் வந்தது. பன்னிரண்டு வருடமாக மெல்ல ஏறிவந்த கோடு ஏழு வாரத்துக்கு முன் திடீரென்று குதித்திருக்கிறது, புள்ளி நான்கு டிகிரி. வரப்போகிற ஆய்வுக் கூட்டத்தில் இந்தத் தாவலைத்தான் எல்லோரும் பேசப்போகிறார்கள் என்று சார் சொன்னதாக எழுதியிருந்தாய். தேதியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே போய்ப் புதியதைக் கழற்றிக்கொண்டு வந்து, வாளியில் பனிக்கட்டியைக் கரையவிட்டு இரண்டையும் உள்ளே போட்டேன். பழையது சரியாகப் பூஜ்யத்தில் நின்றது. புதியது புள்ளி மூன்று கூடுதலாகக் காட்டியது.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்கள் சார் மேடை ஏறி அந்தத் தாவலைக் காட்டட்டும், யாராவது எழுந்து ஒரு கேள்வி கேட்கட்டும், மனிதர் முழிக்கட்டும் என்று ஐந்து நாள் வாயைத் திறக்கவில்லை.

நேற்று நிகழ்ச்சி நிரல் வந்தது. பேசப்போவது அவரில்லை, நீ. அவர் பெயர் கடைசியில் இருக்கிறது. அவரே உன்னை முன்னால் நிறுத்தியிருக்கிறார். முன்பைவிட அதிகமாக வயிறு எரிந்தது. நான்கு வருடம் நாம் ஒரே படகில் வேலை பார்த்தோம். தலைமை அலுவலகத்திலிருந்து யார் வந்தாலும் முன்னால் போய்ப் பேசியவன் நான். நீ பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு நாளாவது நான் அந்தக் கயிற்றை வாங்கிக்கொண்டிருக்கலாம். தோன்றவில்லை.

அந்த ஏழு வார அளவுகளில் புள்ளி மூன்றைக் கழித்துவிடு. அதற்கு முந்தைய பன்னிரண்டு வருடத்தைத் தொடாதே. கடல் சூடாவது உண்மை, அந்த ஏற்றம் அப்படியே நிற்கும். தாவலில் முக்கால்வாசி என் கைங்கரியம். அது போய்விட்டால் பேச்சு சப்பென்று ஆகிவிடும் என்று சார் வருத்தப்படுவார். படட்டும். திருத்திய பதிவேட்டுத் தாளும் வாளிச் சோதனை அளவுகளும் இதோடு இருக்கின்றன. இரண்டு சென்சாரையும் சேர்த்துக் கட்டி மிதவையில் விட்டுவிட்டேன், இப்போது விதிப்படி ஓடுகின்றன. எனக்கு மெமோ வரும், வாங்கிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமைதானே கூட்டம், வெள்ளிக்குள் சேர்ந்துவிடும் என்று கூரியர்காரர் சொன்னார். கிடைத்ததும் ஒரு வரி அனுப்பு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது யார் செய்த தவறு என்று அங்கே நிச்சயம் கேட்பார்கள். 'கருவிப் பராமரிப்பாளர்' என்று சொல்லிவிடாதே. "எங்க வீட்டுக்காரர்" என்று சொல். சத்தமாகச் சொல், உங்கள் சார் காதில் விழட்டும்.

நன்றாகப் பேசு. நீ நன்றாகத்தான் பேசுவாய். மழை வந்தால் குடையை நீயே பிடித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்