ஜெனிட்டா விட்டுப்போன ஒரு மீட்டர்

செவ்வாய்க் கிரகம், நாள் 212 — 06:10

வடமுனை நிலையம். பொறுப்பு: குணாளன், நீராவிப் பிரிவு. தனியாள். கொதிகலன் அழுத்தம் ஆறு பார். நீராவிப் பொறிகள் இருபத்திரண்டும் ஒழுங்காக இயங்குகின்றன. ஒன்பது நாளில் விண்கப்பல் வருகிறது, ஏழு பேர். அதில் ஜெனிட்டாவும் ஒருத்தி. எனக்கு முன்னால் இங்கே இருந்தவள், என்னைவிட எட்டு வயது சின்னவள். பூமியிலுள்ள கட்டுப்பாட்டு அறை இன்றும் கேட்டது:

"ஜெனிட்டா இருந்தப்ப எரிபொருள் இவ்வளவு போகலையே சார், என்னாச்சு?"

வயிறு எரிகிறது. எழுதிவைப்பதில் என்ன வெட்கம்.

நாள் 213 — 14:30

இதைக் கண்டெடுப்பவருக்கு நீராவி வேலை தெரியாமல் இருக்கலாம். குழாயில் போகும் நீராவி அறைகளுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகிவிடும். தண்ணீர் வெளியேற வேண்டும், நீராவி வெளியேறக் கூடாது. அதற்குத்தான் இந்தப் பொறி, எலிப்பொறி மாதிரி நீராவியை உள்ளேயே பிடித்துவைக்கும். உள்ளே தட்டை முறுக்கு அளவில் ஓர் உலோகச் சிமிழ், அதற்குள் கொஞ்சம் திரவம். நீராவி பட்டால் திரவம் கொதிக்கும், சிமிழ் உப்பி வாயை அடைக்கும். ஆறிய தண்ணீர் வந்தால் சுருங்கித் திறக்கும்.

ஒவ்வொரு பொறிக்கும் முன்னால் ஒரு மீட்டர் குழாயை ஜெனிட்டா வெறுமனே விட்டிருக்கிறாள். இருபத்திரண்டு இடத்தில் சூடு வீண். இந்த மகராசியையா தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள்? எல்லாவற்றையும் வெப்பக் கம்பளியால் சுற்றிவிட்டேன்.

நாள் 216 — 09:00

எரிபொருள் செலவு நான்கு சதவீதம் குறைவு. அவளைத் தாண்டிவிட்டேன்! மறுபடி சரிபார்த்தேன், உண்மைதான். கட்டுப்பாட்டு அறைக்கு இரண்டு தடவை அனுப்பினேன்.

நாள் 219 — 11:20

கடைசி இரண்டு அறைகளில் சூடு ஏறவில்லை. குழாய்க்குள் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். ஒரு பொறியும் திறக்கக் காணோம். காரணம் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவில்லை.

நாள் 221 — 08:15

கப்பல் சுற்றுப்பாதையில். அவள் குரல்:

"அண்ணே, நல்லா இருக்கியளா? அழுத்தம் துள்ளுதே. பொறிக்கு முன்னால உள்ள அந்த ஒரு மீட்டர சுத்திரலையே? அங்க தண்ணி ஆறுனாத்தான பொறி தெறக்கும். சுத்துனா லைன் பூரா தண்ணி கட்டிரும். நாங்க எறங்கிட்டா திரும்ப ஏற முடியாது, பாத்துக்கிடுங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏளனமாகக் கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவ்வளவு மரியாதையாகக் கேட்டாள்.

நான் அனுப்பியது: "சுத்தலம்மா. வெறுமனேதான் இருக்கு. நீங்க வாங்க."

நாள் 221 — 10:40

நீராவியை நிறுத்தி, தண்ணீரை வடித்த பிறகுதான் கம்பளியைப் பிரிக்க வேண்டும். நிறுத்தினால் அழுத்தம் விழுவது அவள் திரையில் தெரிந்துவிடும். நிறுத்தாமலே பிரிக்கிறேன். பதினொரு பொறி முடிந்தது. அவர்கள் தரையிறங்க மூன்று மணி நேரம் இருக்கிறது. அதற்குள் முடித்துவிடலாம். அவளுக்குத் தெரியவே வேண்டாம்.

நாள் 221 — 12:20

பதினெட்டாவது பொறி திறந்ததும் தேங்கிய தண்ணீரை நீராவி மொத்தமாகத் தள்ளிக்கொண்டு வந்து வளைவில் மோதியது. பிரதானக் குழாய் இரண்டு துண்டு. கொதிகலன் அணைந்துவிட்டது. இடது கை வெந்துவிட்டது, கையுறையைக் கழற்றினால் தோலும் சேர்ந்து வந்துவிட்டது. வலது கையால் எழுதுகிறேன். மாற்றுக் குழாய் இல்லை.

அனுப்பினேன்: "இறங்காதீங்க. நான் சுத்திட்டேன். பொய் சொன்னேன்."

நாள் 221 — 12:50

உள்ளே மைனஸ் ஒன்பது. இறங்கிக்கொண்டே இருக்கிறது. கை வலிக்கவில்லை, அதுதான் பயமாக...

பதில் வந்தது:

"அண்ணே... பன்னண்டு மணிக்கே எறங்க ஆரம்பிச்சாச்சு. அழுத்தம் சரியில்ல, நாளைக்குப் பாக்கலாம்னுதான் கேப்டன் சொன்னாரு. நாந்தான், எங்க அண்ணன் சொன்னா சரியா இருக்கும்னு சொல்லி எறக்குனேன்."