சாரலில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கடலுக்கு

அடுப்படியில் நின்றுகொண்டே வாயைப் பொத்திச் சிரிக்கிற என் மதினிக்கு,

உங்கள் நாத்தனார் செண்பகம் எழுதுகிறேன். நீங்கள் போனது கார்த்திகையில். இப்போது ஆனி பிறந்து தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது. துணி காயவில்லை, விறகு புகைகிறது, வாசல்கதவு உப்பிக்கொண்டு சாத்த மாட்டேன் என்கிறது. அண்ணன் வழக்கம்போல, "என்ன அருமையான காத்து!" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்புகிறான். புகையில் கண்ணைக் கசக்குகிறவர்களைக் கேட்டால் அல்லவா காற்றின் அருமை தெரியும்?

அழுவதற்காக நான் எழுதவில்லை, மதினி. ஒரு சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். நாங்கள் எல்லாரும் உங்கள் ஊருக்கு, பாம்பனுக்குப் போகிறோம்.

நம்ப மாட்டீர்கள். நானே இன்னும் முழுசாக நம்பவில்லை. ஐம்பத்தெட்டில் நீங்கள் கல்யாணமாகி வந்தபோது நான் பாவாடை கட்டின பெண். அன்றைக்கே ஆட்டுரல் பக்கத்தில் என்னை உட்காரவைத்து அந்தத் திட்டத்தைச் சொன்னீர்கள். மதுரை போய் வண்டி மாறி, பாலத்தைத் தாண்டி, தீவில் இறங்க வேண்டியது. ஒரு நாள், வீட்டோடு, கடற்கரையில். காலையில் குளியல். வெயில் ஏறினதும் தென்னைக்கு அடியில் கட்டுச்சோறு. பிறகு பிள்ளைகளுக்குச் சிப்பி பொறுக்குகிற வேலை, பெரியவர்களுக்குத் தூக்கம். பொழுது சாயத் தோணியில் ஒரு சுற்று. கடைசியில் தண்ணீரில் நின்றபடியே பாலத்தின் மேல் ரயில் போவதைப் பார்க்க வேண்டும். வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

போகத்தான் முடியவில்லை. நம் வீட்டில் என்றைக்குச் சாரல் இரண்டு துளி விழுந்ததோ அன்றைக்கே விருந்தாளி வந்து இறங்கிவிடுவார்களே! கீழப்பாவூர்ப் பெரியம்மா, ஆலங்குளத்துச் சித்தப்பா, அவர்களோடு படித்தவர்கள், அந்தப் படித்தவர்களின் மாமனார்கள். "சாரல் முடியட்டும் தாயீ" என்பாள் அம்மா. சாரல் முடிந்தால் கொலு, அப்புறம் கடையில் தீபாவளி வியாபாரம், தை அறுவடை, பங்குனியில் யாருக்காவது கல்யாணம். நிமிர்ந்து பார்த்தால் மறுபடி சாரல். உங்கள் அப்பாவும் ரயில்வே குமாஸ்தா வேலையில் ஓய்வுபெற்று மதுரைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு பாம்பனில் போய்த் தங்க நமக்கு வீடும் இல்லை.

கடலில் குதித்து வளர்ந்த நீங்கள் அருவிக்குப் பயந்தது எனக்கு இன்றும் வேடிக்கைதான். ஐந்தருவியில் உங்களை இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீருக்கு அடியில் நிறுத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தலையில குட்டுது செண்பகம், எங்க ஊரு தண்ணி இப்படிக் குட்டாது!" என்று கத்தினீர்கள். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். வெளியே வந்ததும் அவர்களைவிட உரக்க நீங்கள்தான் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்காகவே உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும். நேரில் ஒருநாளாவது சொன்னேனா?

சரி, சேதிக்கு வருகிறேன். போன வாரம் பெரியம்மா வந்திருந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது உங்கள் மகளைப் பார்த்து, "மீனா, நாளைக்கு ஆச்சிகூட அருவிக்கு வாரியாட்டி?" என்று கேட்டாள். மீனா, "எனக்கு அருவி வேண்டாம். அம்மா ஊருக்குப் போணும்" என்றாள்.

அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. "அங்கன நமக்கு யாரு இருக்கா? சும்மா சாப்பிடு" என்றான். நீங்கள் இல்லாமல் அந்தப் பாலத்தைத் தாண்ட அவனுக்குத் தெம்பில்லை என்று எனக்குத் தெரியும். குழந்தைக்குத் தெரியுமா? அவள் விடவில்லை.

"அம்மா ஊர்ல ரெண்டு கடல் உண்டாம்ப்பா. வடக்க ஒண்ணு, தெக்க ஒண்ணு. வடகடல் சாதுவாம், தென்கடல் கோவக்காரக் கடலாம். அம்மா எதுல குளிப்பா?"

அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா ரசச்சட்டியைப் பார்த்தாள். உங்களோடு இத்தனை வருஷம் ஒரே அடுப்படியில் இருந்தும் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, மதினி. அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கைகழுவுகிற இடத்தில் நின்றுகொண்டான். கழுவவும் இல்லை, திரும்பவும் இல்லை.

அம்மாதான் பேசினாள். நீங்கள் போனபிறகு உங்களைப் பற்றி வாயே திறக்காதவள்.

"ஏலே, அவ கேக்கும்போதெல்லாம் நான்தான் சாரல் முடியட்டும்னேன். சாரல் முடிஞ்சிது, அவளும் முடிஞ்சிட்டா. இந்தப் பிள்ளைகிட்டயும் அதையே சொல்லச் சொல்லுதியா? என்னால முடியாது. ஆடி பொறந்ததும் போவோம்."

"ஆடியிலயா? சாரல்ல வீட்டைப் பூட்டிட்டா?" என்று பெரியம்மா கையில் எடுத்த அப்பளத்தைக் கீழே போட்டாள். "வாரவுக எங்க போவாக?"

"அருவிக்கு வாரவுக அருவிக்குப் போவட்டும். சாவியைப் பக்கத்து வீட்டுலகூடக் கொடுக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

நம் அம்மாவா இது என்று நான் பார்த்தபடியே இருந்தேன். உங்களிடம் ஒருமுறை அவள் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா?

அன்றிலிருந்து வீடு அமளிதுமளிதான். உங்கள் திட்டத்தை நான் ஒப்பிக்கிறேன், அம்மா அதைக் குற்றாலமாக மாற்றுகிறாள். நல்லெண்ணெய் ஒரு தூக்குவாளி நிறைய எடுத்துவைத்திருக்கிறாள், கூடவே சீயக்காய்த்தூள். "எண்ணெய் தேய்க்காமப் போய் நின்னா அது ஒரு குளிப்பாட்டி?" என்கிறாள். கடல்தண்ணீரில் சீயக்காய் எண்ணெயை எடுக்காது, எண்ணெயோடு கரை ஏறினால் மண் அப்பி எள்ளுருண்டை ஆகிவிடுவோம் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். தூக்குவாளி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கட்டுச்சோற்றுக்குக் காவலாக ஒரு ஆள் கம்போடு உட்கார வேண்டுமாம், குரங்கு வருமாம். கடலில் ஏது குரங்கு என்றால், "ராமேஸ்வரத்துல குரங்கு இல்லாமலா இருக்கும்?" என்று மடக்குகிறாள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்றதற்குத்தான் பெரிய சண்டை. "தண்ணிக்குள்ள குளிக்கப் போறவ தண்ணி சொமந்துட்டுப் போவாளாக்கும்!" என்று ஒரே பிடியாக நின்றாள். ஒரு கை உப்பைத் தம்ளர் தண்ணீரில் போட்டுக் குடிக்கச் சொன்னேன். குடித்தாள். இப்போது இரண்டு கூஜா விளக்கிக் கவிழ்த்திருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பீர்கள்.

அண்ணன்தான் இதில் எதிலும் கலந்துகொள்ளாமல் இருந்தான். நேற்றுக் கடையிலிருந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தான். "ஏட்டி, உங்கிட்டயாவது சொல்லியிருக்காளா, எந்தக் கடல்னு?" என்று மெதுவாகக் கேட்டான். இல்லை அண்ணே என்றேன். "கேட்டிருக்கலாம்" என்றான். பிறகு, "நாலு பேருக்கும் வண்டிக்குச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் கடலைப் பார்த்ததே இல்லை, மதினி. எனக்குப் பயமாகவும் இருக்கிறது. ஆனாலும் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வண்டியை விட்டு இறங்கினதும் ஸ்டேஷனில் கேட்பேன், மீன் விற்கிற பெண்களிடம் கேட்பேன், தோணிக்காரர்களிடம் கேட்பேன். ரயில்வே குமாஸ்தா மகள், நெட்டையாக இருப்பாள், கடலுக்குள் நிற்கிறவனுக்குக் கேட்கிறமாதிரி சிரிப்பாள், அவள் எந்தப் பக்கம் குளித்தாள் என்று ஒருவர் விடாமல் கேட்பேன். யாராவது ஒருவர் சொல்லாமலா போவார்கள்?

யாருக்குமே ஞாபகம் இல்லை என்றால், உங்கள் மகளை இரண்டு கடலிலும் இறக்குவேன்.

இப்படிக்கு,
மீனாவின் அத்தை, என்றும் உங்கள் நாத்தனார்
செண்பகம்