தாம்பூலப் பையில் பாதிக் கதை

என்னங்க, எங்கே இருந்தாலும் கையில் இருக்கிற புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டு இதைக் கேளுங்கள்.

நம் தேன்மொழி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நம் இரண்டு பேர் இடத்தில் என் தம்பி செல்வமும் அவன் மனைவியும் நின்று தாரை வார்த்துக் கொடுத்தார்கள். பெண்ணுக்குக் கூறைப் புடவை அவ்வளவு எடுப்பாக இருந்தது. நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் ஆசையையும் நிறைவேற்றிவிட்டேன். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குத் தேங்கா கெடையாது, புத்தகம்தான்" என்று சொல்லி, நோயில் படுப்பதற்கு முன்பே ஒரு நாவலைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பரணில் ஏற்றினீர்களே, அதைத்தான் தாம்பூலப் பையில் போட்டேன். சிமெண்ட் ஆலை எடை மேடையில் உட்கார்ந்துகொண்டு லாரி டிரைவர்களுக்கெல்லாம் புத்தகம் கொடுத்து அனுப்பிய ஆளுக்கு வேறு என்ன ஆசை வரும்?

செல்வம் தலையில் அடித்துக்கொண்டான். "தேங்கா இல்லாத தாம்பூலத்த எவன்க்கா வாங்குவான்? ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும்டா. அவரு சொல்லிட்டாரு, நான் செய்யறேன்" என்றேன்.

செய்தது சரிதான், செய்த விதத்தில்தான் கோளாறு. அரியலூரில் கல்யாணத்தன்று பாதிப் பெட்டிகளைப் பிரித்தோம். மறுநாள் பெரம்பலூரில் மாப்பிள்ளை வீட்டு வரவேற்புக்கு மீதியை அனுப்பினோம். ஒரே அட்டை, ஒரே படம், ஒரே பெயர். அது இரண்டு பாகக் கதை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நம் சொந்தக்காரர்கள் கையில் முதல் பாகம் மட்டும். மாப்பிள்ளை சொந்தக்காரர்கள் கையில் இரண்டாம் பாகம் மட்டும். நல்ல கூத்து!

சம்பந்தியம்மாவை நீங்கள் பார்த்ததில்லை. பெரம்பலூரில் மாவு மில் வைத்திருக்கிறார்கள். வெடுக்கென்று பேசுகிற மனுஷி. "தேங்காதான் இல்ல, கதையாவது முழுசாக் குடுக்கலாமுல்ல? எங்க சனத்துக்கு மிச்சம் மீதி போதும்னு நெனச்சிட்டாங்களா?" என்று தேனுவிடம் எகிறியிருக்கிறார். மறுவீட்டு விருந்துக்கு அவர் வரவில்லை. நான் போன் போட்டால் எடுக்கவில்லை.

"அத்த எங்கிட்ட மொகங்குடுத்தே பேச மாட்டேங்கறாங்கம்மா" என்று தேனு போனில் தேம்பினாள். நாம் புத்தகம் கொடுக்கப்போய் அவள் வாழ்க்கை கசந்துவிடுமோ என்று பயந்தேன். உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. எதிரில் இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். யாரிடம் கேட்பது?

இந்த லட்சணத்தில் நம் ஆட்களிடமிருந்து வேறு போன் மேல் போன். "கதையில அந்தப் பொண்ணு வூட்ட வுட்டுக் கெளம்பிட்டா, அப்புறம் என்னாச்சு?" ஊரே சிரிக்கும் என்ற செல்வம்கூட, "மீதி எங்கக்கா?" என்று வந்து நின்றான். "பெரம்பலூர்ல இருக்கு. தைரியம் இருந்தா போய் வாங்கிக்க" என்றேன். அவன் போகவில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் வாசலில் சம்பந்தியம்மா. பஸ் ஏறித் தனியாக வந்திருந்தார். "வாங்க சம்பந்தி" என்று சொல்லித் தண்ணீர் எடுக்க ஓடினேன். பெண்ணைப் பற்றித்தான் ஏதோ புகார் என்று நினைத்தேன். நீட்டிய தண்ணீரைக்கூட வாங்காமல் பையிலிருந்து இரண்டாம் பாகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பொண்ணு ஏன் வூட்ட வுட்டுப் போனா? மொதல்ல அதச் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்றே தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஒரு நாள் மில்லில் கரண்ட் இல்லை. தேனு மீந்துபோன புத்தகம் ஒன்றை எடுத்துச் சத்தமாகப் படித்திருக்கிறாள். "மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் கேட்டேன் சம்பந்தி. நல்ல எடம் வந்ததும் டப்புன்னு மூடி எங்கையில குடுத்துட்டா. 'மீதிய நீங்களே படிங்கத்த'ங்கறா. நான் அஞ்சாவதோட நின்னவ. பஸ் போர்டு படிச்சா உண்டு. எழுத்துக் கூட்டிக் கூட்டியே முடிச்சிட்டேன், பாத்துக்குங்க!"

"தேனுகிட்டப் பேசறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"பேசாம? தெனம் சண்டையே நடக்குது. கதையில வர்ற அந்த ஆம்பள செஞ்சது தப்புங்கறேன் நான். இல்லேங்கறா ஒங்க பொண்ணு. சோறு ஆறிப்போறதுகூடத் தெரியல."

முதல் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்து, உதடு அசைய அசையப் படித்தார். சில இடத்தில் தடுக்கியது. திரும்பப் படித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கே போனார். நான் எதிரில் உட்கார்ந்து இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டப் போனேன். "அத மட்டும் பாக்காதீங்க!" என்று கையைத் தட்டிவிட்டார்.

கிளம்பும்போது உங்கள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "இந்த மனுசன் இருந்திருந்தா அவருகிட்டக் கேக்க எனக்கு நெறைய இருக்கு சம்பந்தி" என்றார். நான் உடைந்துபோய் அழுதேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில்தான் ஏற்றிவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை தேனுவையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். அதற்குள் அவர் விட்டுப்போன இரண்டாம் பாகத்தை நான் முடித்தாக வேண்டும், அடுப்பில் பால் பொங்கினாலும் சரி. அவர் கேட்க வைத்திருப்பதையெல்லாம் என்னிடம் கேட்கட்டும். உங்கள் இடத்தில் உட்கார்ந்து நான் பதில் சொல்கிறேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் சம்சாரம்,
தேனுவின் அம்மா